அப்ரைசல்ல மேனேஜருக்கும் மார்க் போடணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 'இவன் தேறமாட்டான்'னு மேலதிகாரி முடிவு பண்ணிட்டா அவன் நெஜமாவே தேறமாட்டான், இத நான் அனுபவிச்சே பாத்தவன். என் முதல் மேனேஜர் நான் டைப் பண்ணும்போது பின்னாடியே வந்து நிப்பாரு, ஒரு மெயில் அனுப்பணும்னாலும் அவர்கிட்ட காட்டிட்டுத்தான், பதட்டத்துலயே தப்பு வரும், உடனே 'நான்தான் அப்பவே சொன்னேன்ல'ன்னுவாரு. அடுத்து வந்தவங்க பெரிய கிளையன்ட் ஃபைல மேசைல வச்சிட்டு 'சந்தேகம்னா கேளுங்க'ன்னுட்டு போயிட்டாங்க, அவ்ளோதான். அதே ஆள்தான் நான், மூளை ஒண்ணும் புதுசா முளைக்கல, ஆனா அந்த ஃபைல் டைமுக்கு முன்னாடியே முடிஞ்சுது.

மேல இருக்கறவங்க எதிர்பார்ப்பு ஆளையே மாத்தும்ங்கறதுக்கு பள்ளிக்கூடத்துலயும் ஒரு உதாரணம் இருக்கு. 1968ல ரோசென்தால், ஜேக்கப்சன்னு அமெரிக்க ஆய்வாளருங்க ரெண்டு பேர் ஒரு ஆய்வ வெளியிட்டாங்க, சில பசங்க இந்த வருஷம் நல்லா வருவாங்கன்னு டீச்சருங்ககிட்ட சொல்லியிருக்காங்க, ஆனா அந்தப் பேரெல்லாம் குலுக்கல் மாதிரி எடுத்தது, கடைசில சின்ன கிளாஸ் பசங்க டெஸ்ட்ல நெஜமாவே முன்னேறியிருந்தாங்க. அளந்த விதம் சரியில்லன்னு அப்பவே சண்டை வந்துச்சு, அது வேற கதை.

ஆனா சில மேனேஜருங்க எதிர்பார்ப்புன்னாலே டார்கெட்ட ஏத்துறதுன்னு நெனச்சுக்கறாங்க, சொல்லிக்குடுக்க மட்டும் நேரம் இருக்காது. அடுத்த தடவ அப்ரைசல் பத்தி கட்டுரை போட்டா, ரேட்டிங் போடுறவங்களப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்