உன் அம்பாசிடருக்கு ஆயில் சீல் மாற்றும் முன்

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம், தை பிறக்கும் நேரத்தில் வருகிறது. திட்டுவதை நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பெரியவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது என்று தங்கச்சியிடம் சொல்லிவிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் பேச்சோடு பேச்சாக, "டிஃபரன்ஷியல்ல லேசா ஒழுகுது, இடது பின்சக்கரத்துலயும் ஆயில் கறை தெரியுது, பொங்கலுக்கு ஏற்காடு போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அந்த வண்டியில் ஏற்காடு போகாதே. ஏறிவிடலாம். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எப்படி இறங்குவாய்?

நீ இரண்டு கசிவையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறாய், அதுதான் பயமாக இருக்கிறது. டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி. அதன் முன்பக்கம், பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தின் தண்டைச் சுற்றி ஆயிலை நிறுத்தும் வளையம்தான் பினியன் சீல். அது ஒழுகினால் தரை அழுக்காகும், ஆயில் மட்டம் மெல்லக் குறையும். அளவு பார்த்து ஊற்றிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டலாம். சக்கரத்தில் ஒழுகுவது பிரேக் சமாச்சாரம். ஆக்சில் குழாய் வழியாக வரும் கியர் ஆயிலை ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், இருக்கும் சீல்தான் நிறுத்துகிறது. அது போய்விட்டால் ஆயில் நேராக டிரம்முக்குள் இறங்கும், பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, அந்த லைனிங், அதைக் குடித்துவிடும். ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று வழுக்கும். பெட்ரோலில் கழுவிப் போட்டால் போதும் என்று உன் மெக்கானிக் சொல்லக்கூடும், கேட்காதே. சூடு ஏறினால் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். ஷூவைப் புதிதாகத்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து.

என் மார்க் 3-க்கு இந்த வேலையைக் கார்த்திகையில் பாய் பட்டறையில் முடித்தோம். நானும் கூடவே கையைக் கறுப்பாக்கிக்கொண்டு நின்றேன். ஸ்டெப்னி மாற்றவே ஆள் கூப்பிடுகிற உனக்கு இதெல்லாம் எதற்கு என்பாய். தொப்பூர் கதையை நான் இழுக்கவில்லை, சரியா? ஆனால் வேலை நடக்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாய் முதலில் சீலைத் தொடவே இல்லை. ஆக்சில் ஹவுசிங் மேலே இருக்கும் ப்ரீதரை, அதாவது உள்காற்று வெளியேறும் சின்னத் துளையை, துடைத்துப் பார்த்தார். சேறும் கிரீஸும் சேர்ந்து கல்லாக அடைத்திருந்தது. வண்டி ஓடினால் ஆயில் சூடாகும், உள்ளே காற்று விரியும். அது வெளியேற வழி இல்லை என்றால் ஆயிலைச் சீல் உதட்டின் வழியாகத் தள்ளும். அடைப்பை எடுக்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். அதே மாதிரி, அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் ஒழுகும். சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நின்றால் போதும்.

அப்புறம் பினியன். முன்னாலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பிரிப்பதற்கு முன், அது பினியனோடு சேரும் பிளெஞ்சிலும் ஷாஃப்டிலும் அடையாளம் போட்டார், பழைய இடத்திலேயே சேர்ப்பதற்காக. பிளெஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். அங்கே ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, புதுச் சீல் சீக்கிரமே போய்விடும். எனக்கு ஆட்டம் இல்லை. பினியன் நட்டிலும் மரையிலும் பஞ்ச் குத்தி, எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிவிட்டுத்தான் கழற்றினார். அந்த நட்டுதான் பேரிங்கின் இறுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பலம் இருக்கிறது என்று கண்டபடி முறுக்குகிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதே.

பிளெஞ்சைக் கழற்றி நகத்தால் தடவிப் பார்த்தால், பழைய சீல் உதடு ஓடிய இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் எந்தப் புதுச் சீலும் நிற்காது. லேத்தில் கொடுத்து அதன் மேல் மெல்லிய உலோக வளையம், ஸ்லீவ் என்பார்கள், ஏற்றி வாங்கினோம். இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால்தான் ஊரில் பாதி அம்பாசிடர் 'சீல் மாத்தியும் ஒழுகுது' என்று திரிகின்றன. எனக்கே இதற்கு முன் இன்னொரு பட்டறையில் அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள், அடுத்த மழைக்குள் பழைய கதை. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

பின்சக்கரத்தில் டிரம்மைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டை இழுத்து, ஹப் நட்டை எடுத்து, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டு ஹப்பை வாங்கினால் சீல் கையில் வரும். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும், கோணாமல் அடிக்க வேண்டும். பேக்கிங்கும் புதிதாகப் போடச் சொல்.

அம்பாசிடர் செய்த உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்டது, இனி சீல் கிடைக்காது என்று உன் மெக்கானிக் சொன்னாராமே. வண்டி பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காமல் போகலாம். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று வெர்னியரில் அளந்து கேட்டால் பேரிங் கடையில் எடுத்துத் தருவார்கள். ஆயில் மட்டும் ஹைப்பாய்டு என்கிற இந்தப் பல்சக்கர அமைப்புக்கான 90 நம்பர் இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) ஆயிலாக இருக்கட்டும். இதில் பினியன், கிரௌன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் மையத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, பல்லோடு பல் வழுக்கிக்கொண்டே சுற்றும், சாதா ஆயில் தாங்காது. பழைய ஆயிலை வடிக்கும்போது அதில் விரலை விட்டுப் பார். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. சில்லு சில்லாக இரும்பு வந்தால் உடனே எனக்குப் போன் பண்ணு.

மாமா அந்த வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று நமக்குத் தெரியும். மழையில் நனைந்தால் தலை துவட்டுவதற்கு முன் அதைத் துடைப்பார். அதை விற்றுவிடலாமா என்று நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் நான் பதில் எழுதப்போவதில்லை. முதலில் பிரேக் சரியாகட்டும்.

ஏற்காட்டுக்கு இந்தத் தடவை பஸ்ஸில் போய் வாருங்கள். பாய் அடுத்த வாரம் சேலம் பக்கம் ஒரு வேலையாக வருகிறார், புல்லரும் கொண்டுவருவார். உன் வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா? நாளைக்குள் சொல், நான் ஷூ செட்டை வாங்கி அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே