ஆறாவது ஆளைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் எங்கள் ஊர்க் கல்லூரி அணி 61க்கு 63 என்ற கணக்கில் தோற்ற செய்தி, தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிகளில் வெளியாகியிருந்தது. அதற்கு மேல் அந்தச் செய்திக்கு இடம் ஒதுக்க இயலாது என்பதை நானும் அறிவேன். ஆனால் அந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் பத்து நாட்களாக நடக்கும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. திருச்சியிலிருந்து ஆதரவாளர்கள் திரும்பிய பேருந்திலேயே, துவாக்குடி தாண்டுவதற்குள் அது தொடங்கிவிட்டது. இப்போது மகாமகக் குளக்கரைத் தேநீர்க் கடை, கல்லூரி வாசல், முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, தங்கள் வாசகர் கடிதப் பகுதிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சென்ற வாரம் வெளியான இரண்டு கடிதங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரில் யாரை நீக்குவது, யாரைச் சேர்ப்பது? அந்தக் கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைக் கூறவே இக்கடிதம்.

முதலில் கட்சிகளைச் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடும் முதலாமாண்டு மாணவரை நீக்கிவிட்டு உள்ளூர் மாணவர் ஒருவரை அந்த இடத்தில் ஆடவைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஆட்டம் 61க்கு 61 என்று சமநிலையில் இருந்தபோது, இன்னும் பத்து வினாடிகளே இருந்த நேரத்தில், பந்தைப் பறிகொடுத்தவர் அவர்தான் என்பது இவர்கள் காட்டும் சான்று. மாற்று ஆட்டக்காரராக இருக்கும் உயரமான இரண்டாமாண்டு மாணவரையும் தொடக்கத்திலேயே களமிறக்கி, கூடைக்கு அடியில் இரண்டு நெட்டையர்களை நிறுத்த வேண்டும் என்பது மற்றொரு கட்சி. இரு தரப்பினருமே ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

நானும் நேரில் பார்த்தேன். பழைய பழக்கத்தினால் சட்டைப்பையில் இருந்த சிறிய குறிப்பேட்டில் கணக்கும் எழுதி வைத்தேன். அந்தக் கணக்கின்படி, இடைவேளையில் நமது அணி 36க்கு 25 என்று பதினொரு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது 50க்கு 46. கடைசிக் கால்பகுதியில் நாம் எடுத்தவை பதினொன்று. எதிரணியினர் எடுத்தவை பதினேழு. இப்படிச் சிறிது சிறிதாகக் கரைந்துபோன ஓர் ஆட்டத்தின் தோல்வியைக் கடைசிப் பத்து வினாடிகளின் மீது சுமத்துவது, கரை உடைந்த இடத்தில் நின்றவனைப் பிடித்து வெள்ளத்துக்குக் காரணம் கேட்பது போன்றது.

கரைந்தது எப்படி என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஓர் அணிக்கு ஐந்து பேர், நாற்பது நிமிடங்கள் என்றால் மொத்தம் இருநூறு நிமிட உழைப்பு. அந்த இருநூறில் நமது மாற்று ஆட்டக்காரர்கள் ஆடியது வெறும் பதின்மூன்று நிமிடங்கள். தொடக்க ஐவரில் நால்வர் ஒரு நொடிகூட உட்காராமல் நாற்பது நிமிடங்களும் ஆடினார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஐந்து பேர் மேற்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. எதிரணியிலோ பத்துப் பேர் மாறி மாறி இறங்கினார்கள்; அவர்களில் எவரும் நமது முதல் ஐவரைவிடச் சிறந்தவர் அல்லர் என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். முப்பத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு அவர்களுடைய கால்கள் ஓடின, நம்முடைய கால்கள் நின்றன, வேறுபாடு அவ்வளவுதான். எதிரணியின் தவறுக்காக, யாரும் தடுக்காமல் எறிய நமக்குக் கிடைத்த பத்தொன்பது ஃப்ரீ த்ரோக்களில் எட்டு மட்டுமே கூடையில் விழுந்தன. ஃப்ரீ த்ரோ எறியும்போது கை மட்டும் எறிவதில்லை, முழங்கால்தான் பந்தை மேலே அனுப்புகிறது. களைத்த முழங்காலிலிருந்து எழும்பும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழும். தவறிய பதினொன்றில் எட்டு அப்படித்தான் விழுந்தன.

இனி உயரத்தைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். நமது மைய ஆட்டக்காரர் முதல் பாதியிலேயே எதிராளியை முறைதவறித் தடுத்ததற்கு மூன்று ஃபவுல்களை வாங்கிவிட்டார். மூன்றாவது கால்பகுதி தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் நான்காவதும் வந்தது. ஐந்தாவது ஃபவுலுடன் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்பதால் அவரை உட்காரவைத்தார்கள்; அது சரியான முடிவு. அவருக்குப் பதிலாக அந்த உயரமான இரண்டாமாண்டு மாணவரை அனுப்பினார்கள், அதுவும் சரி. அவர் களத்தில் இருந்தது இரண்டே நிமிடங்கள். அதற்குள் இரு முறை ஸ்டெப்ஸ் எடுத்து, அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைத்து, பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். மாடத்தில் இருந்த நம்மவர்களே சிரித்தார்கள். உடனே வெளியே அழைத்துவிட்டார்கள். அவ்வாறு சிரித்தவர்களில் சிலர்தாம் இன்று அவரைத் தொடக்கத்திலேயே இறக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். அந்தப் பையன் இந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலாவது தொடர்ந்து ஐந்து நிமிடங்கள் ஆடியதை நான் பார்த்ததில்லை. முப்பது புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றுகொண்டிருந்த முதல் சுற்றிலும் அவர் பெஞ்சில்தான் இருந்தார். நீச்சல் தெரியாதவனை ஆற்றில் தள்ளிவிட்டு, இரண்டு நிமிடத்தில் கரைசேரவில்லையே என்று குறைகூறுவதில் என்ன நியாயம் இருக்கிறது? நெட்டையர் இருவரும் ஒன்றாகத் தொடங்கினால், மைய ஆட்டக்காரருக்கு ஃபவுல் சேர்ந்ததும் அனுப்புவதற்கு ஆளே இருக்காது என்பதையும் இந்தக் கட்சியினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசி இருபது வினாடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரணி கூடைபோட்டு 61க்கு 61 ஆக்கியபோது கடிகாரம் நின்றது. கடைசிக் கால்பகுதியின் இறுதி இரண்டு நிமிடங்களில் கூடை விழுந்தால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆட்டத்தைச் சிறிது நிறுத்தக் கேட்கும் டைம் அவுட்களில், இரண்டாவது பாதிக்குரிய மூன்றில் ஒன்று நம் கையில் எஞ்சியிருந்தது. அதை அப்போது கேட்டிருந்தால் இரண்டு நன்மைகள் கிடைத்திருக்கும். ஒன்று, நாற்பது நிமிடங்கள் ஓடிய பிள்ளைகளுக்கு ஒரு நிமிட ஓய்வு. மற்றொன்று, அதைவிடப் பெரியது: அந்தச் சூழ்நிலையில் டைம் அவுட் எடுக்கும் அணி, தன் கூடைக்கு அடியிலிருந்து பந்தைத் தொடங்காமல், எதிரணியின் பகுதியில் பக்கக்கோட்டில் குறிக்கப்பட்ட இடத்திலிருந்தே உள்ளே எறியலாம். அதாவது முழுக் களத்தையும் கடந்து பந்தைக் கொண்டுபோகும் பாடே இருந்திருக்காது. நாம் கேட்கவில்லை. முதலாமாண்டு மாணவர் தனி ஒருவராக முழுக்களத் தடுப்பையும் தாண்டிப் பந்தைக் கொண்டுசென்றார். நடுக்கோட்டைக் கடந்ததும் பக்கக்கோட்டை ஒட்டி இருவர் அவரை மடக்கினார்கள். விதிப்படி நடுக்கோட்டுக்குப் பின்னால் திரும்பவும் முடியாது, வெளியே மிதிக்கவும் முடியாது. பந்து பறிபோனது. அடுத்த நான்கு வினாடிகளில் கூடைக்கு அருகே ஓடிவந்து எறிந்த எதிரணியின் லே-அப் விழுந்தது. அந்த இடத்தில் உள்ளூர் மாணவர் நின்றிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

டைம் அவுட் கேட்காதது யாருடைய தவறு என்று கேட்பீர்கள். நான் உடற்கல்வி இயக்குநரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. கபடி, கைப்பந்து, தடகளம், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. அன்றைக்கு அடுத்த மைதானத்தில் கல்லூரியின் கபடி அணியும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் அவர் ஓடிக்கொண்டிருந்ததை அனைவரும் பார்த்தோம். பெஞ்சில் எத்தனை டைம் அவுட் மிச்சம், யாருக்கு எத்தனை ஃபவுல் என்று எழுதிவைக்க ஓர் ஆள் இல்லை. என் சட்டைப்பையில் இருந்த கணக்கு அவருடைய கையில் இருந்திருக்க வேண்டியது.

உள்ளூர் மாணவர், வெளியூர் மாணவர் என்ற பேச்சு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்த முதலாமாண்டு மாணவர் பெரியகுளம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர். ஆண்டுதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் ஊர் அது. அங்கே பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே நல்ல ஆட்டங்களைக் கண்ணால் பார்த்து வளர்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் நமது கல்லூரியைத் தேடி வந்திருப்பது நமக்குக் கிடைத்த பேறு. வென்ற நாளில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது ஊர் எது என்று யாரும் கேட்கவில்லையே.

நான் ஏன் இத்தனை அழுத்தமாக எழுதுகிறேன் என்றால், 1984 முதல் மூன்று ஆண்டுகள் நான் இதே வகைப் போட்டிகளில், தொடக்க ஐவருக்கு அடுத்து முதலில் இறங்கும் ஆறாவது ஆளாக ஆடியவன். தொடக்க ஐவரில் என் பெயர் மூன்று ஆண்டுகளில் நான்கு முறைதான் இடம்பெற்றது. அப்போது கால்பகுதிகள் கிடையாது, இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். மூன்று புள்ளிக் கோடு அந்த 1984ஆம் ஆண்டில்தான் பன்னாட்டு விதிகளில் நுழைந்தது. எங்கள் களத்தில் அதை யாரோ சுண்ணாம்பினால் வரைவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. எங்கள் பயிற்சியாளர் என்னைத் தம் பக்கத்திலேயே உட்காரவைத்து, ஒவ்வொரு பாதியிலும் ஏழாவது நிமிடத்தில் ஒருவரை வெளியே அழைத்து என்னை அனுப்புவார். ஆட்டம் எப்படி இருந்தாலும் அது மாறாது. எந்த நிமிடத்தில் இறங்கப் போகிறேன் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும்; அதனால் பெஞ்சில் இருக்கும்போதே எதிரணியில் யார் மூச்சு வாங்குகிறார், யார் இடக்கையால் பந்தைத் தட்டுவதில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வந்தவர் நான்கு நிமிடங்கள் உட்கார்ந்துவிட்டு மீண்டும் செல்லும்போது புது ஆளாக இருப்பார். ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடங்களுக்கு முன் ஆட்டப் பதிவுத்தாளில் ஐந்து பெயர்களுக்கு எதிரே போடப்படும் பெருக்கல் குறியை இன்றைய ரசிகர்கள் பட்டாபிஷேகமாக நினைக்கிறார்கள். அது யார் முதலில் நிற்பார்கள் என்பதைச் சொல்லும் குறி. யார் இறுதியில் நிற்கக் கூடியவர்கள் என்பது அதில் இல்லை.

பெஞ்சு பலவீனமாக இருப்பதற்கு நமது ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே, குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு அடியில் ஆடுவதற்காகத்தான். காவிரிப் படுகைக்கு வந்தபோது அந்தக் கூரையை மட்டும் நாம் விட்டுவிட்டோம். நமது கல்லூரிகளில் பெரும்பாலும் திறந்தவெளி சிமென்ட் களங்களே உள்ளன. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவை வழுக்குப் பாறைகளாகிவிடும். என் காலத்தில் தை மாதமானால் இன்னொரு தொல்லையும் இருந்தது: ஊரிலேயே நெல் காயவைப்பதற்கு ஏற்ற தளம் எங்கள் களம்தான் என்பதால், பயிற்சிக்கு முன் நாங்கள் துடைப்பத்துடன் இறங்குவோம். கூட்டித் தள்ளிய பிறகும் மிஞ்சிய நெல்மணியில் வழுக்கி என் வலது கணுக்கால் ஒருமுறை திரும்பியது; மழைநாட்களில் இன்றும் அது தன் இருப்பை எனக்கு நினைவூட்டுகிறது. இப்படி ஆடக் கிடைக்கும் மாலைகளே குறைவாக இருக்கும்போது, கிடைத்த ஒரு மணி நேரத்தையும் முதல் ஐந்து பேருக்கே கொடுத்துவிடுகிறோம். மற்ற ஏழு பேர் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்குகிறார்கள். அவர்களைத்தான் அரையிறுதியில் ஆபத்துக்கு அழைக்கிறோம்.

ஆகவே அடுத்த போட்டிக்கு முன் கல்லூரி நிர்வாகமும் முன்னாள் மாணவர்களும் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவதைக் கூறுகிறேன். தொடக்க ஐவரை மாற்ற வேண்டியதில்லை. பயிற்சியில் மைய ஆட்டக்காரரும் அந்த உயரமான மாணவரும் எதிரெதிர் அணிகளில் நின்று நாள்தோறும் மோத வேண்டும். ஒருவருக்கு ஃபவுல் செய்யாமல் தடுக்கவும், மற்றவருக்குக் கால் பிழையாமல் திரும்பவும் அதைவிடச் சிறந்த வகுப்பு வேறில்லை. முதல் சுற்று ஆட்டங்களில், முன்னிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எட்டுப் பேருக்காவது பாதிக்கு ஐந்து நிமிடங்கள் கொடுக்க வேண்டும். அதனால் ஓர் ஆட்டத்தில் நாம் பத்துப் புள்ளிகள் குறைவாக வெல்லலாம். மாடத்தில் இருப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஃப்ரீ த்ரோ பயிற்சியை இப்போது செய்வதுபோல் தொடக்கத்தில் வைக்காமல், ஓடி முடித்துக் கால் தளர்ந்த பிறகு வைத்தால் அதற்குப் பொருள் இருக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் முதல் ஐவரின் பட்டியலை நாளுக்கு மூன்று முறை மாற்றி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. களத்துக்கு இரண்டு மின்விளக்குகள் கிடைத்தால், ஆறரை மணிக்கு முடிந்துவிடும் பயிற்சி எட்டு மணி வரை நடக்கும். பன்னிரண்டு பேரும் ஆட நேரம் கிடைக்கும். அதற்கு ஆளுக்குச் சிறிது பணம் கொடுத்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்து ஃபவுலையும் டைம் அவுட்டையும் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமானால், கல்லூரி அனுமதித்தால் நானே வருகிறேன். ஓய்வூதியக்காரனுக்கு மாலை நேரத்தில் வேறு வேலை இல்லை. குறிப்பேடும் பேனாவும் என்னிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஆறாவது ஆட்டக்காரர்,
கும்பகோணம்.