சாதனைப் பட்டியலில் ஒரு கட்டம் குறைகிறது

பட்டர்வொர்த், பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து நல்லபடியாகத் திரும்பிவிட்டீர்கள், மகளும் பேரனும் சௌக்கியம் என்று தெரிந்து எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். தங்கச்சிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். கோலாலம்பூர் செந்தூல் வெயிலுக்கு இந்நேரம் தேறியிருக்கும். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால்தான் படி ஏறினால் வலிக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதால் காலையில் பள்ளித் திடலைச் சுற்றி வருகிறேன். சின்ன மகனுக்கு ஜூரு பக்கத்தில் வேலை மாற்றல் கிடைத்துவிட்டது, அதனால் வீட்டில் மறுபடியும் ஆள் நடமாட்டம் இருக்கிறது.

நீ எழுதியதில் என் மனசைப் பிடித்துக்கொண்டது அந்த நியூ காஸில் ஊர்தான். இண்டியானா மாநிலத்துக் கூடைப்பந்துக்கென்று ஒரு புகழ்க்கூடம் (ஹால் ஆஃப் ஃபேம்), அதுவும் தலைநகரில் இல்லாமல் ஒரு சின்ன ஊரில், உலகத்திலேயே பெரிய பள்ளி உள்ளரங்கத்துக்குப் பக்கத்தில்! மைலன் பள்ளியைப் பற்றி நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மொத்தமே 161 பிள்ளைகள் படித்த பள்ளி, 1954 மாநில இறுதியாட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று சாய்த்திருக்கிறது. கடைசி நொடிகளில் பந்தைக் கூடையில் போட்ட பாபி பிளம்ப்பை அந்த மாநிலம் இன்றுவரை பேசுகிறது. அவருக்குச் சமமாக, அந்த அணியைப் பழக்கிய மார்வின் உட் என்ற வாத்தியாரையும் பேசுகிறது. அப்போது அவருக்கு வயது 26. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது விஷயம்தான்.

அங்கே பள்ளி விளையாட்டுக்கு 1982-லேயே தேசிய அளவில் தனியாக ஒரு புகழ்க்கூடம் தொடங்கிவிட்டார்கள். ஓடினவர், ஆடினவர் மட்டுமில்லை, பயிற்சியாளர், நிர்வாகி, விசில் ஊதிய நடுவர் வரைக்கும் அதில் இடம் உண்டு. மேரிலாந்து மாநிலத்தில் மார்கன் வூட்டன் என்று ஒருவர் ஒரே பள்ளியில் காலமெல்லாம் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்து 1,274 ஆட்டங்களை வென்றார். பெரிய குழுக்களின் பயிற்சியாளர்களை வைக்கிற நைஸ்மித் புகழ்க்கூடத்திலேயே 2000-இல் அவரையும் சேர்த்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் என்று யாரும் அவரைக் குறைத்து எண்ணவில்லை.

நம் மலேசியாவில் மேலே ஏறிப் போனவர்களுக்கு மரியாதை இல்லாமல் இல்லை. உன் ஊரில் ஜாலான் ஹாங் ஜெபாட்டில் விஸ்மா ஓசிஎம் கட்டடத்தில் மலேசிய ஒலிம்பிக் மன்றத்தின் புகழ்க்கூடம் இருக்கிறது. 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் டாக்டர் ஜெகதீசன் ஓட்டத்தில் வாங்கிய மூன்று தங்கத்தையும், அதே போட்டியில் ராஜமணி 400 மீட்டரில் வாங்கிய தங்கத்தையும் நம் வீடுகளில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடியது 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. பினாங்கு பிள்ளை நிக்கோல் டேவிட் ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளர் ஆனாள், புக்கிட் டும்பாரில் ஸ்குவாஷ் மையத்துக்கு அவள் பெயரையே வைத்தார்கள். எல்லாம் சரி, வைக்க வேண்டிய பெயர்கள்தான். 1975-இல் உன் ஊரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கியில் ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் நம் அணி நான்காவதாக வந்ததே, அந்தப் பதினொரு பேர் கையிலும் முதலில் மட்டையைக் கொடுத்தது யார்? எங்கேயோ ஒரு பள்ளித் திடலில் ஒரு வாத்தியார் கொடுத்திருப்பார். அவர்களுக்கு எங்கே இருக்கிறது ஒரு சுவர்?

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. நம் பள்ளி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து, இந்த வட்டாரத்துப் பள்ளி விளையாட்டாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஓர் அறை அமைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கட்டடம் எதுவும் இல்லை. ஒரு பொது மண்டபத்தின் மாடியில் சும்மா கிடக்கிற அறையைக் கேட்டிருக்கிறோம், கிடைக்கும் போலிருக்கிறது. என்னைப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் குழுவில் போட்டுவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம். மாநில அளவில் தங்கம் வாங்கியவர்களை மட்டும் எடுத்தால் போதும், அளவுகோல் தெளிவாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நமக்குத் தெரியாததா? தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து, மாநிலப் போட்டி அன்று வர முடியாமல் நின்றிருக்கிறார்கள்! பஸ் காசு இல்லை, அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டும், தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. தங்கத்தை மட்டும் எண்ணினால் இவர்கள் யாரும் இருந்ததாகவே தெரியாது.

அப்புறம் என் கைக்கு எம்.எஸ்.எஸ்.பி.பி. என்ற பினாங்கு பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளின் பழைய நிகழ்ச்சி நிரல் புத்தகங்கள் சில வந்தன. உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மேலே சாதனையை அச்சிட்டிருப்பார்கள். பெயர், பள்ளி, நேரம் அல்லது தூரம், ஆண்டு என்று கட்டம் போட்டிருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எதிலும் பயிற்சியாளர் பெயருக்கு ஒரு கட்டம் இல்லை. ஒரே பள்ளிப் பெயர் பல ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, ஓடுகிற பிள்ளைகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இடத்தில் மாறாமல் நின்ற ஓர் ஆள் இருந்திருக்கிறார் என்று புத்தகமே சொல்கிறது, ஆனால் பெயரைச் சொல்லவில்லை. இந்த அறையில் எந்தப் பெயர்ப் பலகை ஏறினாலும் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பழக்கியவர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்கப் போகிறேன். விடப் போவதில்லை.

நமக்கு ஓட்டம் பழக்கிய மாஸ்டர் வீட்டுக்கும் போய் வந்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பக்கமே நாம் போகவில்லையே. மாஸ்டர் வீட்டு அம்மாவுக்கு, அவர் மனைவிக்கு, இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உன்னையும் விசாரித்தார்கள். அலமாரியிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை மகள் எடுத்துக் கொடுத்தாள். நாம் இதுவரை பார்த்திராத நோட்டு. இடது பக்கம் பெயரும் வகுப்பும், அடுத்து 50 மீட்டர், 100 மீட்டர் நேரங்கள், தேதிவாரியாகப் பென்சிலில். வலது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரிசை இருந்தது. முதலில் அதுவும் ஏதோ நேரம் என்றுதான் நினைத்தேன், 6.40, 7.10 என்று இருந்தது. பார்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்திருக்கிறார். பயிற்சியில் நம்மை முன்னே பின்னே அனுப்புவாரே, அவருக்குப் பிடித்தவர்களை முதலில் விடுகிறார் என்று நாம் பேசிக்கொள்வோமே, அது இந்த வரிசைப்படிதான்! உன் பெயருக்கு நேராக 7.10, எனக்கு நேராக ‘சைக்கிள்’ என்று எழுதியிருந்தது. சிலர் பெயருக்குக் கீழே ‘ரொட்டி’ என்றும் இருக்கிறது. மத்தியானம் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் அவர்கள் என்று அம்மா சொன்னார்கள். பள்ளி முடிந்த பிறகு செய்த இந்த வேலைக்கு அவருக்கு ஒரு காசு படி கிடையாது. வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு நன்றிக் கடிதம்கூட யாரும் கொடுக்கவில்லை என்று மகள் சொன்னபோது எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. நோட்டை அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அம்மா சம்மதித்துவிட்டார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அக்காவை மறந்திருக்க மாட்டாய், வெறுங்காலில் ஓடி 200 மீட்டரில் எல்லோரையும் பின்னால் விட்டவர். பதினாறு வயதானதும் அரைக்கால் சட்டை போட்டு ஓடக் கூடாது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறார். போய்ப் பேசினேன். “எனக்கு எதுக்குப்பா பலகை, நான் என்ன நாட்டுக்கா ஓடினேன்?” என்று கேட்டார். “நம்ம பள்ளிக்கு ஓடினீங்களே அக்கா, அதுக்குத்தான்” என்றேன். கொஞ்ச நேரம் பூவைக் கட்டிக்கொண்டே இருந்துவிட்டு, “அப்படின்னா எங்க சார் பேரையும் போடு” என்றார். நான் கூட்டத்தில் வாதாடப் போவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால் முதல் பலகை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

நேரங்களை எழுதுவதில்தான் குழப்பம். நம் காலத்தில் எல்லாம் கையால் அழுத்திய ஸ்டாப்வாட்ச். துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்து, சத்தத்துக்குக் காத்திருக்காதே என்று சொல்வார்கள். 100 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குச் சத்தம் வந்து சேரவே ஏறக்குறைய 0.3 வினாடி ஆகிவிடும். அப்படி எடுத்த நேரத்தை இன்றைய மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடி கூட்டுவது வழக்கம். நமக்கு மூத்தவர்கள் கஜக் கணக்கில் ஓடியவர்கள், 440 கஜம் என்றால் 402 மீட்டருக்குச் சற்று மேல். இதையெல்லாம் மாற்றிக் கணக்குப் போட்டு எழுதலாம் என்றார் குழுவில் ஒருவர். எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைக்கு எப்படி எடுத்தார்களோ அப்படியே எழுதி, கையால் எடுத்த நேரம் என்று கீழே ஒரு வரி போட்டால் போதும். புல் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மழை பெய்த மறுநாள் சேற்றில் ஓடிய நேரத்தை இன்றைய செயற்கை ஓடுபாதை நேரத்தோடு எதற்கு ஒப்பிட வேண்டும்?

இன்றைய பிள்ளைகளும் மனசில் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை நன்றாக ஓடுகிற பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் காணாமல் போகிறது. புதுப் பள்ளி, புது மொழி, கூட்டத்தில் அந்தப் பிள்ளையை அடையாளம் தெரிந்தவர் யாரும் இல்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு வந்தவர்களை முதலில் உட்கார வைக்கிற ரிமூவ் வகுப்பில் நாம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது மாஸ்டர் வந்து, “தமிழ்ப்பள்ளியில் ஓடினவங்க யாருடா?” என்று கேட்டாரே. அந்தக் கேள்வியைக் கேட்க இன்றைக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் யாராவது இருக்க வேண்டும். இப்போது பயிற்சி கொடுக்கிற இளம் ஆசிரியர்களையும் திறப்பு விழாவுக்கு அழைத்து, மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மரியாதையை ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டும், மாஸ்டருக்குச் செய்யாமல் விட்டதைப் போல ஆகிவிடக் கூடாது.

சரி, உன்னிடம் எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். நம் 4x100 குழு கிண்ணத்தோடு நிற்கிற படம் உன்னிடம்தான் இருக்கிறது. அதை நல்ல தரத்தில் எடுத்து அனுப்பு. பின்பக்கம் மாஸ்டர் கையால் எழுதிய பெயர்கள் இருக்கும், அதையும் சேர்த்து எடு. மூன்றாவதாக ஓடியவன் இப்போது ரவாங் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், உன் ஊர்ப் பக்கம்தானே, விசாரித்துப் பார். நியூ காஸிலில் பெயர்ப் பலகைகளை எப்படி வைத்திருந்தார்கள், படம் எடுத்திருந்தால் அதையும் அனுப்பு. தச்சரிடம் காட்ட வேண்டும். அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. முடிந்தால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்துவிடு. எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. நீயும் பக்கத்தில் இருந்து பேசினால் அந்தக் கட்டத்தைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி