பதிவுள்ள இலங்கைத் தமிழரும் புதிய வெளிநாட்டவர் சட்டமும்

உறவுகளே, வணக்கம். புதிய சட்டத்தில் நம்மையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பதிவு உள்ளவர்கள் பயப்பட வேண்டாம்.

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது உண்மைதான். ஆனால் அதோடு சேர்த்து உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணையும் போட்டிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்திருக்கும் இலங்கைத் தமிழருக்கு அந்த பாஸ்போர்ட், விசா விதி பொருந்தாது.

அதனால் முகாம் அட்டை, காவல் நிலையப் பதிவு, பழைய குடும்ப விவரத்தாள் எதையும் தொலைத்துவிடாதீர்கள். பெயர், பிறந்த தேதியில் பிழை இருந்தால் இப்போதே திருத்த மனு கொடுங்கள்.

2022 நெருக்கடியில் படகேறி வந்த குடும்பங்கள் இந்தத் தேதிக்குள் வரவில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான். அவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்புறம், இந்த விலக்கு குடியுரிமை ஆகாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் நம்மைச் சேர்க்கவில்லை. அந்த அநியாயம் அப்படியே நிற்கிறது. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இங்கேயே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்படிப் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழோடு என்னைத் தனியாகத் தொடர்பு கொள்ளுங்கள். சான்றிதழ்ப் படங்களைக் குழுவில் போட வேண்டாம்.