டாக்டர் இல்லாத அவசர சிகிச்சை: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
பல் மருத்துவமனைக் குழுமம், தலைமை அலுவலகம்.

பொருள்: '24 மணி நேர அவசர பல் சிகிச்சை' என்ற அறிவிப்பை நம்பிப் போனதும், உங்கள் தொலைபேசியில் சொல்லப்பட்ட தவறான ஆலோசனையும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5.20 மணி. தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த என் பன்னிரண்டு வயது மகனின் வாயில் மட்டை பட்டு, மேல் வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் விழுந்துவிட்டது. பால்பல் இல்லை, விழுந்து முளைத்த பல். சட்டை முழுக்க ரத்தம். என் கணவர் ராணிப்பேட்டையில் ஷிப்டில் இருந்தார். பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நான் முதலில் நினைத்தது உங்களைத்தான். கிரீன் சர்க்கிள் பக்கம் போகும்போதெல்லாம் உங்கள் பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்திருக்கிறேன்.

உடனே அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, புதிய நோயாளி என்றால் இரண்டை அழுத்து என்று ஒன்பது நிமிடம் போனது. அப்புறம் ஒரு பெண் பேசினார். எந்த ஊரிலிருந்து பேசினாரோ, சத்துவாச்சாரியை மூன்று முறை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. முன்பணம் ரூ.500 கட்டினால்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றார். கட்டினேன். ஒதுக்கிய நேரம் மறுநாள் காலை 10.30.

"அதுவரை பல்லை என்ன செய்வது?" என்று கேட்டேன். "நல்லா தேய்ச்சுக் கழுவி, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி பத்திரமா வச்சிருங்க மேடம், நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இந்தக் கடிதத்தை நான் எழுதுவது முக்கியமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

அவர் சொன்னபடியே குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். வேரில் ஒட்டியிருந்த சதை போன்ற மெல்லிய தோலை அழுக்கு என்று நினைத்து என் விரலாலேயே உரித்தேன். டிஷ்யூவில் சுற்றிப் பர்சில் வைத்தேன். எங்கள் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் அந்தக் காகிதத்துக்குள் பல் எப்படிக் காய்ந்திருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

பலகையில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, நேரில் போனால் யாராவது பார்க்காமலா இருப்பார்கள் என்று ஆட்டோ பிடித்தேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி காட்பாடியில் இருக்கும் உங்கள் கிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 6.05. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் இருந்த செக்யூரிட்டி, "ஞாயித்துக்கிழமை டாக்டர் மத்தியானத்தோட போயிடுவாரும்மா" என்றார். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். கோயிலுக்காவது 1981-ல் சாமி வந்துவிட்டார். அந்தக் காலி இடத்தில் டாக்டர் இல்லாத அவசர சிகிச்சையை நீங்கள் சேர்த்துவிட்டீர்கள்.

அங்கே நின்றுகொண்டே, எங்கள் தெருவில் இருக்கும் நர்ஸ் அக்காவுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ, காயவா விட்ட? முதல்ல பச்சைப் பாலில் போடு" என்றார். எதிர்க்கடையில் ஆவின் பாக்கெட் வாங்கி, டம்ளரில் ஊற்றிப் போட்டேன். அதற்குள் பல் விழுந்து ஐம்பது நிமிடம் கடந்துவிட்டது. கடைக்காரர் காட்டிய வழியில் இரண்டு தெரு தள்ளி, வீட்டோடு கிளினிக் வைத்திருக்கும் ஒரு வயதான பல் டாக்டரிடம் ஓடினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை கழுவிவிட்டு வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை அதன் குழியிலேயே திரும்பப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் விசாரித்தார்.

வேரின் மேல் இருக்கும் அந்தச் சவ்வில்தான் உயிரணுக்கள் இருக்கின்றன, பல்லை எலும்போடு சேர்த்துப் பிடிப்பது அதுதான் என்று அவர் விளக்கினார். விழுந்த உடனே, வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் லேசாக அலசி, குழியிலேயே வைத்துக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லியிருந்தால் அதுவே உத்தமமாம். முடியாவிட்டால் பால். காயவிடவே கூடாது. ஒரு மணி நேரம் காய்ந்தால் அந்த அணுக்களில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்கவே மாட்டார்கள், அடியில் வளரும் பல்லுக்குக் கெடுதல்.

இவ்வளவுதான் விஷயம். எங்கள் தெரு நர்ஸ் அக்காவுக்குத் தெரிந்தது, பல் வைத்தியம் மட்டுமே செய்யும் உங்கள் நிறுவனத்தின் அவசர எண்ணில் இருப்பவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் பணம் கட்டும் வழியை எழுதி வைத்தவர்கள், இதையும் நான்கு வரி எழுதி வைத்திருக்கலாம். முகம் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படும் ஒருவர் அழைத்தாலும் அவருக்கும் 10.30 மணிதான் கொடுப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்.

இரண்டு வாரத்தில் கம்பியை எடுத்தாகிவிட்டது. ரூட் கேனால் நடக்கிறது. பல் இப்போதைக்கு நிற்கிறது. ஆனால் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகலாம், பல வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கேழ்வரகுக் கூழையே குடித்து அலுத்துப்போன பையன், ஆம்பூர் பிரியாணி எப்போது என்று தினமும் கேட்கிறான்.

உங்களிடமிருந்து வந்தவை இரண்டு குறுஞ்செய்திகள். முதலாவது, நான் வராததால் முன்பணம் திரும்பக் கிடைக்காது. இரண்டாவது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

என் ரூ.500-ஐத் திருப்பித் தாருங்கள். ராத்திரியும் ஞாயிறும் டாக்டரை வையுங்கள், இல்லையென்றால் பலகையிலிருந்து '24 மணி நேரம்' என்பதை அழியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு விழுந்த பல்லை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அப்படிச் செய்ததை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமும் இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பணம் கட்டிய ரசீது, அழைப்பு நேரம் தெரியும் படம், சிகிச்சை அளித்த டாக்டரின் சீட்டு மூன்றின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். நீங்கள் பதிவு செய்வதாகச் சொன்ன அந்த அழைப்பின் ஒலிப்பதிவை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
பையனின் அம்மா,
சத்துவாச்சாரி.