கட்டடத் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கும் கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுபவர்கள், டைல்ஸ், பெயிண்ட் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் அடைமழைக் காலம் தவிர மற்ற மாதங்களில் தவறாமல் நடந்தது. மே தினத்தில் கொடி ஏற்றினோம். ஆயுத பூஜைக்குக் கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் சங்க அறையிலேயே வைத்துக் கும்பிட்டோம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது 1994இல். முப்பது வருடம் ஆன பிறகும் வாரிய அட்டை இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பெரும்பாலும் சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள். “நாளைக்குக் கொண்டாரேன் அண்ணே” என்று சொல்லியே வருடம் ஓடிவிடுகிறது. விடுபட்டவர்கள் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தக நகலோடு என்னை வந்து பார்க்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு கூலி உயர்வைவிட அதிகமாக நாம் பேசியது கை வெடிப்பைப் பற்றி. அந்தப் பேச்சு ரேஷன் கடையில் தொடங்கியது. பூச்சு வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவருக்குக் கைரேகை விழவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அவர் விரலை வேட்டியில் தேய்த்துத் தேய்த்து வைத்துப் பார்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் நுனி வழவழவென்று தேய்ந்து கிடந்தது. கட்டைவிரலில் குறுக்கே ஆழமாக ஒரு வெடிப்பு. கடைசியில் மகனின் செல்போனுக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொல்லித்தான் அரிசி வாங்கினார். விசாரித்தால் நம்மில் பலருக்கும் இதே கதை. இத்தனை நாள் யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் மார்கழிக் கூட்டத்துக்கு ஒரு தோல் மருத்துவரை அழைத்தோம். பனிக்காலத்தில் வெடிப்பு முற்றியிருக்கும் என்பதால் அந்த மாதமே நல்லது என்று முடிவு செய்தோம். அவர் வந்ததும் சால்வையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “எல்லாரும் கையை மேஜை மேல வைங்க” என்றார். கொத்தனார்கள் பலருக்கு வலது கையைவிட இடது கை மோசமாக இருந்தது. ஏன் என்று அவர்தான் நம்மைக் கேட்டார். வலது கை கரணையின் மரப்பிடியைப் பிடிக்கிறது. செங்கல்லைத் தூக்குவது, வழியும் கலவையை வழிப்பது, மூலையைத் தடவிவிடுவது எல்லாம் இடது கை. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சிமெண்டில் தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பின் காரம் வெளியே வருகிறது. அதை அளக்கும் பிஹெச் கணக்கில் நம் தோல் 5க்குப் பக்கத்தில் இருக்கும். ஈரக் கலவை 12, 13 வரை போகும். இந்தக் கணக்கில் ஒரு எண் கூடினாலே பத்து மடங்கு. அந்தக் காரம் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுகிறது, உலர்ந்த சிமெண்ட் ஈரத்தை உறிஞ்சுகிறது, மணல் உரசுகிறது. தோல் தடித்து, வளைய முடியாமல், விரலை மடக்கும் இடத்தில் பிளக்கிறது. இது சிமெண்டில் கை வைக்கும் எவருக்கும் வரும்.

இன்னொன்று சிலருக்கு மட்டும் வரும் ஒவ்வாமை. சிமெண்டில் இருக்கும் குரோமியம் இதற்குக் காரணம். பல வருடம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தொடங்கும்: புறங்கையிலும் விரலிடுக்கிலும் அரிப்பு, கொப்புளம், நீர் வடிதல். ஒரு தடவை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போவதில்லை; கொஞ்சம் சிமெண்ட் பட்டாலும் கிளம்பிவிடும். முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களாம். ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அதற்காக இரும்பு சல்பேட் கலக்கிறார்கள். வேலைக்கு லீவு விட்டால் ஆறி, திரும்பப் போனதும் கிளம்புகிறது என்றால் சும்மா வெடிப்பு என்று விட்டுவிடாமல் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் கையுறைச் சண்டை. சங்கச் செலவில் கையுறை வாங்கலாம் என்றதும் மூத்த மேஸ்திரி ஒருவர் எழுந்து, “உறை போட்டுக்கிட்டு மூலை பிடிச்சுப் பாரு, அப்புறம் பேசலாம்” என்றார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. தொளதொள உறையில் கரணை பிடி நிற்காது, உள்ளே கலவை புகுந்துவிட்டால் வெறுங்கையைவிடக் கெடுதல், ஏனென்றால் நாள் முழுக்கக் காரத்தில் கை ஊறும். துணி உறையும் ஈரத்தைக் குடித்துக் கையிலேயே வைத்துக்கொள்ளும். தோல் உறையோ பெரும்பாலும் குரோமியம் போட்டுப் பதனிட்டது. ஒவ்வாமைக்காரருக்கு ஆகவே ஆகாது. ஆகவே கைக்குச் சரியாகப் பிடிக்கும் நைட்ரைல் அல்லது ரப்பர் பூச்சு உறை, மணிக்கட்டுக்கு மேலே வருவது, கழுவித் துடைத்த கையில் மட்டும் போடுவது என்று முடிவானது. கலவை போடுபவர்களும் சட்டி தூக்கும் பெண்களும் உடனே பழகிக்கொண்டார்கள். பூச்சு வேலைக்காரர்களில் சிலர் இடது கைக்கு மட்டும் போடுகிறார்கள். அதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் உறையைவிட முக்கியமானது கை கழுவும் தண்ணீர். நம் சைட்டுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கரணை, சட்டி, மண்வெட்டி எல்லாம் அலசிய டிரம்மிலேயே கையையும் விட்டு எடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறோம். அந்தத் தண்ணீர் நீர்த்த சிமெண்ட், வேறொன்றுமில்லை. அதில் கழுவுவது கலவையில் இன்னொரு தடவை கை வைப்பது மாதிரிதான். சில வேலைகளில் ஒரு டிரம்மை ஒதுக்கி, மூடி போட்டு, குவளையில் மொண்டு ஊற்றிக் கழுவ ஏற்பாடு செய்தோம். டீ நேரம், சாப்பாட்டு நேரம், வேலை முடிந்ததும் என்று கழுவினார்கள். அந்தச் சைட்டுகளில் வேலை பார்த்தவர்கள் கையில் வித்தியாசம் தெரிந்தது. துணி சோப்பு, தேங்காய் நார், பெயிண்டர்கள் பயன்படுத்தும் தின்னர், மண்ணெண்ணெய் எல்லாம் கைக்கு ஆகாது. டைல்ஸ் கழுவும் ஆசிடைத் தொடுபவர்களுக்கு உறை இல்லாமல் வேலையே கிடையாது என்று இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வெடித்த கைக்கு: இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசலினைத் தாராளமாகத் தடவி, பழைய பருத்திச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குவது. சிரிக்க வேண்டாம், வீட்டில் கேலி செய்தாலும் ஒரு வாரத்தில் பலன் தெரியும். ஆழமான வெடிப்பை பிளாஸ்டர் ஒட்டி மூட வேண்டும். தடித்த தோலுக்கு யூரியா கலந்த கிரீம் நல்லது, ஆனால் திறந்த வெடிப்பில் எரியும். காலையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு வருவது தப்பில்லை. அது உறைக்குப் பதிலாகாது. பிளேடால் சீவுவதையும் ஃபெவிக்விக் விட்டு ஒட்டுவதையும் நிறுத்துங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் “அரிப்புக் களிம்பு” பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் அற்புதமாக இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோலே மெலிந்துவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன நாள் வரை மட்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெடிப்பில் சீழ், சிவப்பு, வீக்கம் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

தளம் போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈரக் கான்கிரீட்டில் முட்டி போட்டாலோ பூட்ஸுக்குள் கலவை புகுந்தாலோ முதலில் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் வெந்தது தெரியும், அதற்குள் ஆழமாகப் போயிருக்கும். வலிக்காகக் காத்திருக்காமல் துணியைக் கழற்றி, நல்ல தண்ணீரை இருபது நிமிடமாவது ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்று தீர்மானத்துக்கு வைப்பது ஒன்றுதான். வேலை பேசும்போதே வீட்டுக்காரரிடமோ காண்ட்ராக்டரிடமோ கை கழுவ மூடியுள்ள தனி டிரம்மும் சோப்பும் கேட்டு வாங்க வேண்டும்; அதை மேஸ்திரி தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டிரம்முக்காக வேலை கை நழுவும் என்று சிலர் பயப்படுகிறார்கள். சென்ட்ரிங் பலகைக்கும் மோட்டாருக்கும் கணக்குப் பார்க்காதவர் இதற்கு மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம். கையுறை வாங்கிய செலவு உள்பட வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.