ஊர் ஆம்புலன்ஸ்களை 108 சேவையோடு இணைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் நிர்வாகத்தினர், ஜமாத்தார், இளைஞர் மன்றத்தினர், வெளியூரில் சம்பாதிக்கும் ஊர்க்காரர்கள் எனப் பலரும் நிதி தந்து கிராமங்களில் நடத்தும் ஆம்புலன்ஸ்களைப் பற்றி, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் வசிப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழகத்தில் 2008 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 108 சேவையால் பிழைத்தவர்கள் ஏராளம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் மாவட்டத்திலும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால், 108 தவிர தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணும் உதவிக்கு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையையும் நல்ல சாலை வழியே அடையலாம். நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலையில் உள்ள பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஊராட்சிகளின் குக்கிராமங்களுக்குச் செல்லச் செல்லத்தான் நிலைமை வேறாகிறது. அங்கே நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த காலத்தைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

2023 மே மாதம் எங்கள் வட்டத்தைச் சேர்ந்த அல்லேரி மலையில் பாம்பு கடித்த பெண் குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாததால் பாதியிலேயே நின்றுவிட, பெற்ற தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலையேறியதைத் தமிழகமே செய்தியாகப் படித்தது. அதன்பின் பேசப்பட்டதெல்லாம் சாலையைப் பற்றியே. சாலை கட்டாயம் வேண்டும். ஆனால் சாலை போட்டுவிட்டால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது. நோயாளியின் வீட்டுக்கும் 108 வந்து நிற்கக்கூடிய இடத்துக்கும் இடைப்பட்ட அந்த முதல் தொலைவை யார், எப்படிக் கடப்பது என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

அந்தத் தொலைவுக்கு ஊர் ஆம்புலன்ஸைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பதே என் கருத்து. எந்தத் தரைப்பாலம் மழையில் மூழ்கும், எந்தத் தெருவில் வண்டி திரும்பாது, இரவில் எந்த வீட்டுக்கதவைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் உள்ளூர் ஓட்டுநருக்குத் தெரியும். அவர் நோயாளியை ஏற்றிக்கொண்டு கீழே இறங்க, எதிர்முனையிலிருந்து மருத்துவ உதவியாளரோடும் கருவிகளோடும் வரும் 108 வண்டி வழியில் சந்தித்து ஏற்றிக்கொண்டால், வீணாகும் நேரம் வெகுவாகக் குறையும்.

ஆனால் இன்று பல ஊர்களில் இருப்பது சைரனும் ஸ்ட்ரெச்சரும் பொருத்திய வேன் மட்டுமே. ஓட்டுநர் ஒருவர் இருப்பார். பின்னால் உறவினர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நோயாளிக்கு என்ன செய்வது என்று அறிந்தவர் அந்த வண்டியில் ஒருவரும் இருப்பதில்லை. இது எவ்வளவு பெரிய குறை என்பதற்குக் கட்டுவிரியன் கடியையே எடுத்துக்கொள்ளலாம். தரையில் படுத்து உறங்குபவரை இரவில் கடிக்கும் அந்தப் பாம்பின் கடிவாயில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. சில மணி நேரத்தில் கண்ணிமை சரியும், பேச்சு குழறும், பின்னர் மூச்சுவிட உதவும் தசைகள் செயலிழக்கும். அந்த நிலையில் முகமூடியோடு கூடிய செயற்கைச் சுவாசப் பையை முறையாக அழுத்தத் தெரிந்த ஒருவர் உடனிருந்தால், விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனையை அடையும்வரை உயிரைப் பிடித்து வைக்க முடியும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. கடிபட்ட கையையோ காலையோ இறுகக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, அசையாமல் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்ற அடிப்படைகளைக்கூட யாரும் இந்த ஓட்டுநர்களுக்கு முறையாகச் சொல்லித் தருவதில்லை. அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்து வருபவர்கள் அவர்கள்.

எங்கே கொண்டு செல்வது என்பது அடுத்த சிக்கல். பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்குமுன் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தாக வேண்டும். அந்த வசதி இல்லாத இடங்களில் ஏறி இறங்கியே நேரம் கழிந்துவிடுகிறது. 108 கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு இருந்தால், எந்த மருத்துவமனைக்குச் செல்வது, வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து கையிருப்பில் உள்ளதா என்பதையெல்லாம் புறப்படும்போதே தெரிந்துகொள்ளலாம்.

நன்கொடையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பெயர் பொறித்து வண்டி வாங்கித் தர முன்வருபவர்கள், அதே வண்டிக்கு டீசல், ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பும் செலவு, டயர், காப்பீடு, இரவுநேர ஓட்டுநரின் ஊதியம் ஆகியவற்றுக்கும் மாதந்தோறும் தர முன்வர வேண்டும். பணமின்றிக் கொட்டகையில் நிற்கும் வண்டி யாருக்கும் உதவாது. அதைவிடப் பெரிய தீங்கு, அதே வண்டியைச் சடலம் கொண்டு செல்லவும் பயன்படுத்துவது. அது வெளியூருக்குச் சென்றிருக்கும் நேரத்தில் ஊரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது? அரசு மருத்துவமனைகளில் இலவச அமரர் ஊர்தி இருக்கும்போது இரண்டையும் கலக்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மாவட்ட ஆட்சியர் இந்த வண்டிகளை நடத்துபவர்களையும் 108 அதிகாரிகளையும் வட்டார மருத்துவ அலுவலர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது, இரவில் யாரை அழைப்பது, மலையடிவாரத்தில் எந்த இடத்தில் நோயாளியை 108 வண்டிக்கு மாற்றுவது என்பவற்றை அக்கூட்டத்திலேயே முடிவு செய்து, கட்டுப்பாட்டு அறையிலும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். ஓட்டுநருக்கும், ஒவ்வொரு குக்கிராமத்திலும் விருப்பமுள்ள இரண்டு இளைஞர்களுக்கும் அடுக்கம்பாறை மருத்துவமனையில் முதலுதவிப் பயிற்சி அளித்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். மலையூர்களில் ஏற்கெனவே பணியாற்றும் கிராம சுகாதார செவிலியர்களின் கருத்தைக் கேட்காமல் இந்தப் பட்டியலை இறுதி செய்யக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்